புறப்படும் நேரம்

2009 பிப்ரவரி 7. அப்போது நான் மெல்பர்னில் கல்வியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அன்று நகரில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸ். காட்டை ஒட்டிய புறநகரில் வசித்த தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். "நெருப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்," என்றாள். நான் விடவில்லை. அரைமனத்தோடு என் அறைக்கு வந்து சேர்ந்தாள். விக்டோரியா மாநிலத்தில் அந்தக் காட்டுத்தீ 173 உயிர்களைப் பறித்தது.

பிறகு, ஆய்வாளர்கள் எரிந்த ஊர்களுக்குச் சென்று, உயிர் தப்பியவர்களிடம் பேசினர். என் தோழியைப் போலவே பலரும் 'பார்த்துவிட்டுப் போகலாம்' என்று காத்திருந்தது தெரியவந்தது. தீ நெருங்கிய பின் புறப்படுவதுதான் பெரும் ஆபத்து. அந்த ஆண்டே தீ அபாய அளவுகோலில் 'பேரழிவு' என்னும் உச்ச நிலை சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியா முழுவதற்கும் நான்கு நிலைகள் கொண்ட ஒரே அளவுகோல் வந்தது. ஒவ்வொரு நிலையிலும் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே வரியில் உள்ளது. உச்ச நிலைக்கு உரிய அறிவுரை: உயிர் பிழைக்க, அங்கிருந்து வெளியேறுங்கள்.

அன்று என் தோழியைக் காத்தது என் பிடிவாதம். எல்லாருக்கும் அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வருவதில்லை. ஆய்வின் முடிவு எளிய சொற்களில், உரிய நேரத்தில் வீடு வந்து சேர்ந்தால், அதுவே அந்த அழைப்பாகிவிடும்.