குதிரைப் பாடம்

ஜூலை 14, 2025, திங்கள்
தொண்டை கரகரப்பு. லேபில் பாதி கம்ப்யூட்டர்தான் ஓடுகிறது. ஒன்றுக்கு மூன்று பேர். லிச்செஸ் சதுரங்கத் தளத்தில் யானைப் பாடம். கட்டத்தில் இருக்கும் நட்சத்திரத்தை யானை போய் எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு சத்தம். அறை முழுக்க அந்தச் சத்தம். யாரும் பாத்ரூம் கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்
குதிரை. பையன்கள் மௌஸைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கண்ட இடத்தில் அமுக்கல். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் மௌஸைத் தொடவே இல்லை. பின்னால் நின்று விரலால் காற்றில் ‘எல்’ போடுகிறாள். எரிச்சல். தலைவலி.

ஜூலை 18, வெள்ளி
கரன்ட் இல்லை. அட்டையை விரித்தேன். “நட்சத்திரம் எங்கே மிஸ்?” காயை வைத்ததும் மறுபடி கை நீட்டுகிறார்கள். எதிரே ஒருத்தன் இருப்பதே புதுசு. “அவன் ஆடட்டும்டா.” மதியம் முழுக்க இதேதான்.

ஜூலை 20, ஞாயிறு
உலகச் சதுரங்க நாள். 1924-ல் ஃபிடே தொடங்கிய தேதி. துணி துவைக்கும்போதும் குதிரை நினைப்பு. மூலையில் நின்றால் போக 2 கட்டம், நடுவில் 8. சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவர்களே எண்ணட்டும்.

ஜூலை 22, செவ்வாய்
மௌஸுக்கு முறை வைத்தேன். இரட்டைச் சடையின் முறை. வெகுநேரம் சும்மா பார்த்தாள். “அமுக்குடி” என்கிறான் பக்கத்திலிருப்பவன். ஒரு நகர்வும் வீணில்லை. மூன்று நட்சத்திரம். சத்தம் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவலி எங்கே போனதோ.

ஜூலை 25, வெள்ளி
லேபை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கேட்கக்கூட இல்லை. கோபம் அடங்கவில்லை. அட்டைதான். ஒருத்தன் யூட்யூபில் நாலு நகர்வு மேட் கற்று வந்திருக்கிறான். எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவை விட்டால் காவல் இல்லை. வரிசையாக விழுந்தார்கள். ஒரே அழுகை. கம்ப்யூட்டரிடம் தோற்று யாரும் அழுததில்லை.

ஜூலை 28, திங்கள்
பதுமியில் திவ்யா தேஷ்முக்! மகளிர் உலகக் கோப்பை. 19 வயசு. எதிரே ஹம்பி. முதல் இரண்டு ஆட்டமும் டிரா, ரேபிடில் முடிந்தது. வைஷாலி காலிறுதியோடு வெளியேறியது இன்னும் உறுத்துகிறது. தூக்கம் வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்
அம்மாவைக் கட்டிக்கொண்டு திவ்யா அழும் வீடியோவைக் காட்டினேன். “ஜெயிச்சா ஏன் மிஸ் அழறாங்க?” பிறகு அட்டை. யூட்யூப்காரன் மந்திரியைக் கொண்டுவந்தான், ராணியை எஃப்3-ல் வைத்தான். இரட்டைச் சடை குதிரையைத் தூக்கி எஃப்6-ல் வைத்து மறித்தாள். கை காயை விட்டு வரவே இல்லை. பிறகு விட்டாள். அவன் முகம் மாறியது. கடைசியில் தோற்றாள். அழவில்லை. இன்னொரு ஆட்டம் கேட்டாள்.

நட்சத்திரம் இனி வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற நாளெல்லாம் எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும்.