அம்மாவின் கைலியோடு கிழக்குக் கரைக்கு

என் தங்கைக்கும் எனக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. காரணம், ஒரு பழைய பாத்தேக் கைலி.

தோட்டத்து லயத்தில் இருந்தபோது, உத்தரத்தில் கம்பிச்சுருளை மாட்டி, அந்தக் கைலியில்தான் எங்கள் இருவரையும் அம்மா தாலாட்டியிருக்கிறார். அம்மா போய் இரண்டு வருடம். தங்கை இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "என் பிள்ளையையும் அதிலதான் போடணும். வெட்டுனீனா உன்கூடப் பேசவே மாட்டேன்க்கா" என்றாள். நானோ அம்மாவின் நான்கு கைலிகளையும் வெட்டி ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டுத் தையல் வகுப்பில் சேர்ந்திருந்தேன்.

"கைலியைப் பெட்டியில வை. அது பொறந்த ஊருக்கே போய்ப் பார்த்துட்டு வந்து முடிவு பண்ணலாம்" என்றார் எங்கள் தையல் டீச்சர். கூடப் படிக்கும் தோழி காடியோட்டச் சம்மதித்தாள். பொங்கல், சீனப் பெருநாள் எல்லாம் முடிந்து, மழைக்காலமும் ஓய்ந்த ஒரு மார்ச் மாத விடியலில் கோலாலம்பூரிலிருந்து மூவரும் கிளம்பினோம்.

காராக் நெடுஞ்சாலையின் பனிமூட்டத்தைத் தாண்டி, தெமெர்லோ ஓய்வுப் பகுதியில் பசியாறினோம். குவாந்தானுக்கு மேல் விரைவுச்சாலையிலேயே போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் டீச்சர், "பழைய ரோட்டுல போனாத்தான் கடலைப் பார்க்கலாம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்கப்புறம் வழிநெடுக வலப்பக்கம் கடல். இடப்பக்கம் தென்னை, கம்பம், கெரோப்போக் கடைகள்.

ரந்தாவ் ஆபாங்கில் சற்று நிறுத்தினோம். ஒரு காலத்தில் 'பெனியு பெலிம்பிங்' எனும் மிகப்பெரிய கடலாமைகள் முட்டையிட வந்த கரை இது. பள்ளிப் புத்தகத்தில் படித்த ஊர். இப்போது அந்த ஆமைகள் ஏறக்குறைய வருவதே இல்லை. வெறும் மணலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காடியில் ஏறினோம். யாரும் பேசவில்லை.

கோலத் திரங்கானுவில் லோசோங் பகுதிக்குப் போனதும்தான் கலகலப்பு திரும்பியது. மீன் சதையையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து, நீளமாக உருட்டி, வேகவைத்த கெரோப்போக் லெக்கோர். பொரித்துச் சுடச்சுட மிளகாய்க் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காடி முழுக்க மீன் வாசம். "கைலியில ஒட்டிக்கப் போகுது" என்று பெட்டியைப் பின்னால் தள்ளி வைத்தாள் தோழி.

பாசார் பாயாங்கில் தேடியது கிடைத்தது. மீந்த பாத்தேக் துண்டுகளுக்கு 'பெர்ச்சா' என்று பெயர். அவற்றை இணைத்துத் தைக்கும் போர்வையை இங்கே 'கெபார்' என்கிறார்கள். எதையும் வீணாக்காத வீட்டுப் பெண்களின் கைவேலை. நம் பாட்டிமார் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தார்களே, அதற்குச் சொந்தக்காரி என்றே வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் கோத்தா பாரு. சங்குப்பூவின் நீலம் ஏறிய நாசி கெராபுவுடன் காலை தொடங்கியது. கம்போங் பெனாம்பாங்கில் ஒரு பாத்தேக் பட்டறைக்குள் நுழைந்தோம். உருக்கிய மெழுகில் செம்பு அச்சைத் தோய்த்து, விரித்த துணியில் ஒருவர் வரிசையாகக் குத்திக்கொண்டே போனார். அளவுகோல் கிடையாது, கண்தான் கணக்கு. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றினால் பூ தெரியும். டீச்சர் என் காதில், "துணியைத் திருப்பிப் பாரு. இரண்டு பக்கமும் ஒரே நிறம்னா இப்படிச் செஞ்சது. பின்பக்கம் வெளிறியிருந்தா மிஷின்ல அச்சடிச்சது" என்றார்.

அன்று மாலை அறையில் அம்மாவின் கைலியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே ஊதா.

மூன்றாம் நாள் பாசார் சித்தி காதிஜா. பெண்களே ஆளும் சந்தை. கீழே காய்கறியும் மீனும் நிறக் கோலம் போட, மாடியில் துணிக்கடைகள். போர்வை விற்ற ஒரு மாச்சிக்கிடம் கைலியை எடுத்துக் காட்டினேன். அவருடைய கிளந்தான் மலாயில் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் செய்தது முழுதாகப் புரிந்தது. கைலியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் இழைகள் சல்லடையாகத் தெரிந்தன.

"அடேக், இது இனிமே பிள்ளை பாரம் தாங்காது. கிழிஞ்சிடும்."

பிறகு இரண்டு கைகளாலும் அளந்து காட்டினார். கைலியில் வேறு வேலைப்பாட்டோடு வரும் பட்டை 'கெப்பாலா', தலை. நம் சேலைக்கு முந்தானை மாதிரி. மற்றது உடல். தலைப் பகுதியில் தேய்மானம் குறைவு. அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் இன்னும் பல வருடம் இருக்கும் என்றார். அவரிடமே ஒரு கட்டு பெர்ச்சா வாங்கினேன்.

சந்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் செய்தேன். எடுப்பாளா என்றே சந்தேகம். எடுத்தாள். மாச்சிக் சொன்னதைச் சொன்னேன். நீண்ட மௌனம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"தொட்டிலு வேணாம். தொட்டிலுக்குள்ள விரிக்கிற மாதிரி தைச்சுக் கொடு. தலைப்பு எனக்குத்தான்."

"சரிடி."

"வெட்டும்போது வீடியோ கால் போடு. நானும் பார்க்கணும்."

வரும் வழியில் தும்பாட்டுக்கு ஓர் எட்டு போய், வாட் போத்திவிகானில் 40 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். அன்றிரவு அறைக் கட்டிலில் கைலியை விரித்து, தங்கை கைப்பேசியில் பார்த்திருக்க, டீச்சர் கோடு போட, நான் கத்தரித்தேன். கை நடுங்கியது, கோடு கொஞ்சம் கோணல்தான்.

போக நினைப்பவர்களுக்கு: கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், வெள்ளமும் வரலாம். புது பாத்தேக் துணியைத் தைப்பதற்கு முன் தனியாக அலசிக் காயவையுங்கள். சாயம் இறங்கும், துணி சுருங்கும். வீட்டில் பழைய கைலியோ சேலையோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதற்குப் பொருந்தும் நிறத்தை அங்கே யாராவது ஒரு மாச்சிக் தேடிக் கொடுப்பார்.