சந்திரதால்: இறங்கு வழி எங்கே?

இமாசலப் பிரதேசத்தின் லாஹோல்-ஸ்பிதி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சந்திரதால் ஏரி. பிறை வடிவம், அதனால் இந்தப் பெயர். காலையில் பச்சை, நண்பகலில் நீலம், வெயில் சாய்ந்ததும் மை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. 2005ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் என்பதால் கரையில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. சில கிலோமீட்டர் முன்பே, ஒரு மேட்டு வெளியில் வரிசையாக முகாம்கள். கோடையில் சில மாதங்கள்தான் வியாபாரம். பிறகு எல்லாவற்றையும் பனி மூடிவிடும்.

2020 அக்டோபரில், ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு மணாலியிலிருந்து இங்கு வருவது சுலபமாகிவிட்டது. காலையில் மணாலியில் ஆலு பராட்டா தின்றவர் மாலையில் ஏரிக்கரையில் நிற்கலாம். சிக்கலே இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். ஒரே பகலில் அதன் இரு மடங்கு உயரத்துக்கு ஏறி, அங்கேயே படுத்துத் தூங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பால பாடம். பயண ஏற்பாட்டாளர்கள் விற்கும் திட்டங்கள் பலவற்றில் இந்தப் பாடம் இல்லை. 2022 செப்டம்பரில் தில்லியிலிருந்து நாங்கள் வாங்கிய திட்டத்திலும் இல்லை. முதல் இரவு மணாலி, இரண்டாம் இரவு சந்திரதால் என்று அச்சடித்திருந்தது.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, பதினான்கு வயது மகள், அறுபத்தெட்டு வயது மாமனார். சுரங்கத்தைத் தாண்டி கிராம்ஃபூவில் திரும்பியதும் தார் ரோடு விடைபெற்றுக்கொண்டது. பிறகு சந்திரா நதியை ஒட்டி உருண்டைக் கற்களும் நாலாக்களும்தான். நாலா என்றால் பனிப்பாறை உருகி வரும் ஓடை. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். பிற்பகலில் வண்டியின் சக்கரம் முழுகும். பாதலில் தேநீர் குடித்துவிட்டு, ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய 14 கிலோமீட்டர் மலை விளிம்புப் பாதையில் ஊர்ந்து, மாலை ஐந்து மணிக்கு முகாமை அடைந்தோம். மாமனாரை எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவரோ ராஜ்மாவும் சோறும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடும் பெண், ஏரிக்கரையில் எங்களுக்கு முன்னால் ஓடியவள். உயரம் இதையெல்லாம் பார்ப்பதில்லை. 4,300 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். வயதோ உடல்கட்டோ இதற்குக் காப்பு அல்ல. நிதானமாக ஏறியவருக்கு உடம்பு பழகிக்கொள்ளும்; வேகமாக ஏறியவர் வாலிபராக இருந்தாலும் சாயலாம்.

இரவு பதினொன்றுக்கு இரண்டு முறை வாந்தி. பன்னிரண்டரைக்குக் கழிப்பறைக் கூடாரத்துக்கு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனவள், திரும்பும்போது பாதையை விட்டு விலகி விலகி நடந்தாள். முகாமில் வேலை பார்த்த ஸ்பிதி இளைஞர் எழுந்து வந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். 66. தாத்தாவுக்கு 82. பிறகு கூடாரக் கயிற்றைத் தரையில் நேராகப் போட்டு, குதிகாலுக்கு முன் குதிகால் வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவள் சாய்ந்தாள். “நீச்சே. அபி” என்றார் அவர். கீழே, இப்போதே.

அந்தத் தள்ளாட்டம் மூளையில் வீக்கம் தொடங்குவதன் அறிகுறி. அதற்கு முதல் மருந்து இறக்கம். ஆக்சிஜனும் மாத்திரையும் அவகாசம் வாங்கித் தருபவை. முகாமில் இருந்த ஆக்சிஜன், வாசனைத் திரவக் குப்பி போன்ற ஒரு டப்பா. சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. கைபேசிக்கு சிக்னல் கிடையாது.

எந்தப் பக்கம் இறங்குவது? ஸ்பிதியின் தலைமையிடமான காஜாவில் மருத்துவமனை உண்டு. ஆனால் நடுவில் குன்சும் கணவாய் நிற்கிறது; உயரம் 4,551 மீட்டர். இறங்குவதற்காக ஏற வேண்டும். மீதமிருப்பது வந்த வழி. இருட்டில் அந்த விளிம்புப் பாதையில் போக முடியாது, விடியட்டும் என்றார் டிரைவர். “மாப்பிள்ளை, இவர் சொல்வதும் நியாயம்தானே?” என்றார் மாமனார். என் மனைவி பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மகளைக் கம்பளியில் சுற்றி வண்டியில் உட்கார வைத்துவிட்டு, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். முகாம் இளைஞர் டார்ச்சுடன் முன் இருக்கையில் ஏறினார். டிரைவர் அதற்குமேல் வாதாடவில்லை.

இளைஞர் திருப்பங்களில் இறங்கி, வெளிச்சம் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். மூன்று மணிக்கு பாதல். கதவைத் தட்டியதும் தாபாக்காரர்கள் எழுந்து வெந்நீர் கொடுத்தார்கள். ஆனால் அதுவும் 4,000 மீட்டரை ஒட்டிய இடம், தங்க முடியாது. பகலில் பயமுறுத்திய நாலாக்கள் அந்த நேரத்தில் கணுக்கால் அளவே ஓடின. ராத்திரிக் குளிரில் பனி உருகுவது அடங்கிவிடும். பொழுது புலரும்போது ஆற்றோரம் ஓர் ஊரில் நின்றோம். உயரம் 3,300 மீட்டரை ஒட்டி. அதன் பெயர் சத்ரு. பெயர்தான் அப்படி, அங்கேதான் அவள் கண் திறந்து, “அப்பா, பசிக்குது” என்றாள். கேலாங்கில் டாக்டர் பார்த்தபோது அளவு 90ஐத் தொட்டிருந்தது. இரண்டு நாள் ஓய்வு என்று எழுதிக்கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, 2023 ஜூலையில், இதே முகாம்களில் 250க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கினார்கள். இரு பக்கச் சாலைகளும் மூடிக்கிடந்தன. உடல்நலம் குன்றிய சிலரை ஹெலிகாப்டர் எடுத்துச் சென்றது. மற்றவர்கள், குன்சும் வழியாகப் பனி அகற்றப்பட்ட பிறகே மீட்கப்பட்டார்கள். கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு, இறங்கும் வழி திறந்திருக்கிறதா என்பது உயிர்க் கேள்வி.

சந்திரதாலைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். திசையை மாற்றிக்கொள்ளலாம். சிம்லா வழியாகக் கின்னூர் போய், கல்பாவில் ஓர் இரவு, தாபோவில் ஓர் இரவு, காஜாவில் இரண்டு இரவு என்று படிப்படியாக ஏறி, கடைசியில் குன்சும் தாண்டி ஏரிக்கு வாருங்கள். மணாலிக்குத் திரும்பும் வழி முழுக்க இறக்கம். நாட்கள் கூடும், செலவும் கூடும். முகாமுக்குப் பணம் கட்டும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆக்சிஜன் பெரிய சிலிண்டரில் இருக்கிறதா? நாலாக்களில் தண்ணீர் எப்படி? நம் டிரைவர் இரவில் எந்தக் கூடாரத்தில் தூங்குவார்?