க்ளாவரில் ஆறு கேட்க ஏன் இவ்வளவு தயக்கம்?

பிரிட்ஜ் ஏலத்தில் டைமண்டும் க்ளாவரும் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். அவற்றில் கேம் போக 11 பிடி வேண்டும்; நோ-டிரம்பில் 9 போதும். அதனால் நல்ல கை வந்தாலே வாய் தானாக "மூணு நோ-டிரம்ப்" என்றுவிடுகிறது. ஸ்லாம் தொலைவது அங்கேதான்.

வல்னரபிள் இல்லாதபோது 3 நோ-டிரம்ப் கேட்டு 12 பிடி எடுத்தால் 490. ஆறு க்ளாவர் கேட்டு எடுத்தால் 920. டீம் போட்டியில் இந்த வித்தியாசம் 10 இம்ப்! கூட்டாளியிடம் ஸ்பேடில் ஒற்றைச் சீட்டு இருந்தால் நோ-டிரம்பில் அது பலவீனம், க்ளாவர் துருப்பில் அதுவே பலம். 33 பாயிண்ட் சேரட்டும் என்று காத்திருப்பவர் கண்ணில் இந்த ஸ்லாம்கள் படவே படாது.

பெரிய வில்லன், 4 நோ-டிரம்ப் சொல்லி ஏஸ் கேட்கும் பிளாக்வுட். க்ளாவரில் ஒத்துப்போன பிறகு 4 நோ-டிரம்ப் கேட்கிறீர்கள். கூட்டாளியிடம் ஒரே ஏஸ். பதில் 5 டைமண்ட். இரண்டு ஏஸ் எதிராளியிடம் என்று தெரிந்தும் 5 க்ளாவரில் நிற்க வழியில்லை.

இதற்குத்தான் மைனர்வுட்: ஒத்துப்போன க்ளாவரிலோ டைமண்டிலோ நாலு சொன்னாலே ஏஸ் கேட்டதாக அர்த்தம். வழக்கமான பதில் எதுவும் ஐந்தைத் தாண்டாது. பிரிட்ஜ் எழுத்தாளர் ஜெஃப் ரூபன்ஸின் கிக்பேக்கும் இதே சிக்கலுக்கான மருந்துதான். ஆனால் அதில் டைமண்டில் ஒத்துப்போனால் 4 ஹார்ட்ஸ்தான் ஏஸ் கேட்கும் கேள்வியாகிறது, கூட்டாளி மறந்து பாஸ் சொன்னால் கதை முடிந்தது (சொல்வார்கள்!). என் ஓட்டு மைனர்வுட்டுக்கே.

அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்கள் ஜோடியோடு இதை ஒருமுறை பேசி வைத்துவிடுங்கள்.