பதினெட்டு அங்குல ஸ்பீக்கரும் பொட்டல்வெளியும்

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திருவிழா ஒலி பெரும்பாலும் திறந்த வெளியில்தான் எழுகிறது. கோயில் முன்புள்ள திடலிலும் அறுவடை முடிந்த காட்டிலும் சுவரோ கூரையோ இல்லாததால், வீட்டு அறையில் தாழ்ந்த ஒலிக்குக் கிடைக்கும் எதிரொலித் துணை அங்கே கிடைப்பதில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு நாற்பது முறை அதிரும் ஒலியின், ஒற்றை அலையே ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளம் கொண்டது. அவ்வளவு நீண்ட அலையைப் பொட்டலில் எழுப்ப ஏராளமான காற்றைத் தள்ளியாக வேண்டும் என்பதாலேயே, பழைய பதினைந்து, பதினெட்டு அங்குலப் பேஸ் ஸ்பீக்கர்கள் இன்றைக்குப் பயன்படுமா என்ற கேள்வி இத்தகைய ஊர்களில் உயிருள்ள கேள்வியாக இருக்கிறது.

சப்வூஃபர் எனப்படுவது தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர். அதன் காகிதக் கூம்பின் பரப்பையும், அது முன்னும் பின்னும் அசையும் தொலைவையும் பெருக்கினால் அது தள்ளும் காற்றின் அளவு கிடைக்கும். ஒலியளவு குறையாமல் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்று தேவை. பதினெட்டு அங்குல ஸ்பீக்கரின் பயன்படு பரப்பு சுமார் 1150 சதுர சென்டிமீட்டர், பன்னிரண்டு அங்குலத்துக்கோ 530 அளவே. ஆகவே சிறியது இரு மடங்குக்கும் மேல் பாய்ந்தால்தான் பெரியதற்கு ஈடு கொடுக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர் ஐம்பது வாட் தருவதே பெரிதாக இருந்த நாளில் அப்படிப் பாய வைக்க வழியில்லாததால், அக்கால வல்லுநர்கள் பரப்பையே பெருக்கினார்கள். அமெரிக்காவின் எலக்ட்ரோ வாய்ஸ் நிறுவனம் முப்பது அங்குல ஸ்பீக்கர் செய்தது. பின்னாளில் ஜப்பானின் மிட்சுபிஷி 160 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒன்றரை டன் எடையுள்ள ஒன்றையே செய்து காட்டியது. 1974இல் வெளியான ‘எர்த்குவேக்’ படத்துக்காகத் திரையரங்குகளில் பேருருவப் பேஸ் பெட்டிகள் அடுக்கப்பட்டதும் அதே வழியில்தான்.

இன்று ஆயிரக்கணக்கான வாட் தரும் எடை குறைந்த ஆம்ப்ளிஃபயர்கள் வந்துவிட்டதால், சிறிய கூம்பை வெகுதூரம் பாயவைத்துச் சிறிய பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஒலி எடுக்க முடிகிறது. ஆனால் அதற்குரிய விலையைக் காயில், அதாவது காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருள், வெப்பமாகக் கொடுக்கிறது. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்கே ஒலியாகிறது, எஞ்சியதெல்லாம் சூடு. சூடேறிய செம்பின் மின்தடை உயர்வதால் இரவு ஏற ஏறப் பேஸ் தளர்கிறது. குறைந்த வாட்டிலேயே உரக்கப் பேசும் பழைய பெரிய ஸ்பீக்கர், ஜெனரேட்டரை நம்பி நடக்கும் சித்திரை, வைகாசித் திருவிழாவில் மதிப்புப் பெறுவது இந்த இடத்தில்தான்.

எனினும் அதற்கு எல்லை உண்டு. பழைய கூம்பு சில மில்லிமீட்டர் அசையவே அமைந்தது. கணினியில் உருவாக்கிய முப்பது ஹெர்ட்ஸ் அதிர்வை அதனிடம் கேட்டால் காயில் அடித்துக் கிழியும். பம்பை, உருமி போன்ற தோல்கருவிகளின் அடித்தொனிக்கு அது நன்கு பொருந்தும். நாற்பதுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடும் வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்து, நெருக்காத பெரிய பெட்டியில் பூட்டினால் போதும்.

வாங்குமுன் பார்க்கத் தெரியவேண்டும். இரு கைவிரல்களையும் கூம்பின் மேல் சமமாகப் பரப்பி மெல்ல அழுத்தினால், நல்ல ஸ்பீக்கர் சத்தமின்றி இறங்கித் திரும்பும். சொரசொரப்பு கேட்டால் காயில் உரசுகிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டெடுத்தால் ‘தொப்’பென்ற ஒலி வர வேண்டும். நுரை விளிம்பு விரல் பட்டாலே உதிரலாம், துணி விளிம்பு பல பத்தாண்டு தாங்கும். மல்லாத்தி அடுக்கி வைத்தால் தன் எடையாலேயே கூம்பு தொய்ந்துவிடும் என்பதால் நிமிர்த்தி வைப்பதே முறை.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. ஆயினும் அந்த அளவுமுறை மனிதச் செவியின் போக்கைப் பின்பற்றுவதால் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே கணக்கில் கொள்கிறது. கருவியில் வரம்புக்குள் நிற்கும் பேஸ், சுவரை ஊடுருவிப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் நோயாளியையும் எழுப்பிவிடக்கூடும். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்போர் இந்தப் பழைய ஸ்பீக்கர்களைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் காயில் கட்டுபவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். காட்டித் தேறியவற்றை வீடுகளிலிருந்து தள்ளி வைத்து, இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும்.