குண்டோதரன் என்று பெயர் வைத்தவர்கள்

எங்கள் தமிழ்த்துறையில் ஆசிரியர்கள் நால்வர். நால்வரும் நாற்பதைக் கடந்த ஆண்கள்; ஒருவரும் பருத்தவரல்லர். மெலிந்த கைகால்கள், சற்றே முன்தள்ளிய வயிறு. அதைத் தொந்தி என்று சொல்ல நாங்கள் ஒப்பியதில்லை. ஊருக்குப் போனால், "இப்பத்தான் கொஞ்சம் உடம்பு வெச்சிருக்கு" என்று அத்தைமார் மகிழ்வார்கள். 'இளைத்தல்' என்னும் ஒரே சொல்லுக்கு மெலிவும் களைப்பும் தாழ்வும் பொருளாக அமைந்துவிட்ட மொழியில், வயிறு வளர்வதை யாரும் நோயென்று எண்ணுவதில்லை.

எங்களிடம் பயின்ற மாணவன் ஒருவன் உண்மையாகவே பருமனானவன். மீனாட்சி திருமணத்தில் மலைபோல் குவித்த சோற்றை உண்டும் பசியடங்காத பூதகணத்தின் பெயரை அவனுக்குச் சூட்டியவர்கள், ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்த நாங்கள்தாம். திருவிளையாடற்புராணம் நடத்துகையில் வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நாங்களும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

சென்ற ஆண்டு கல்லூரியில் மருத்துவ முகாம் நடந்தது. வெறும் வயிற்றுடன் வரச் சொல்லியிருந்தார்கள். எடை பார்த்தபின் மருத்துவர் அளவுநாடாவை எடுத்தார். மூச்சை வெளியே விடச்சொல்லி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி அளந்தார். தெற்காசியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை என்றார். எங்களில் மூவர் எல்லையைத் தாண்டியிருந்தோம்.

இடுப்புச் சுற்றளவு ஓர் அளவு. டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமை எட்டுவது, நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்குவது, இரத்த அழுத்தம் 130/85ஐத் தொடுவது, வெறும் வயிற்றில் சர்க்கரை 100ஐ எட்டுவது ஆகியவை மற்ற நான்கு. ஐந்தில் மூன்று சேர்ந்தால் அது வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு. இவற்றுள் பல ஒன்றாகவே வருவதைக் கண்டு, 1988இல் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார்.

இதன் இயக்கத்தை நெற்குதிரை வைத்து விளங்கிக்கொண்டோம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு ஒரு குதிர். அது சிறிதானால், மிஞ்சிய நெல் கூடத்திலும் அடுக்களையிலும் கொட்டும். அவ்வாறே மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. அப்போது இன்சுலின் அழைக்கும் குரல் அங்கே சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் சுரந்து களைக்கிறது. சர்க்கரையும் இரத்தக் கொழுப்பும் ஏறுகின்றன.

குதிரின் அளவு எல்லோருக்கும் ஒன்றன்று. 2004இல் புனேயின் யாஜ்னிக், இலண்டனின் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் உடல்களையே 'லான்செட்' இதழில் சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தராசு சொல்லாததை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிட்டன.

முடிவுகள் வந்த அன்று மாலை அந்த மாணவன் தன் தாளுடன் ஆசிரியர் அறைக்கு வந்தான். "ஐயா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான். படித்தோம். இடுப்பளவைத் தவிர மற்ற நான்கும் ஒழுங்காக இருந்தன. நாள்தோறும் மிதிவண்டியில் வருபவன் அவன். பருமன் அவனையும் பிற்காலத்தில் விடாது, ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்ததை விளக்கினோம். எங்கள் சட்டைப்பைகளில் இருந்த தாள்களில், மூன்றில் மும்மூன்று அளவுகளுக்குச் சிவப்புக் கோடு இட்டிருந்தது. அவற்றை அவனிடம் காட்டவில்லை.

இருபது ஆண்டுகளாகத் திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் நடத்துகிறோம். அதன் பத்துக் குறட்பாக்களில் ஆறு, உண்ணும் முறையைப் பேசுபவை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் அறிவுரையை விளக்கும்போதெல்லாம் எங்கள் பார்வை அவன் இருக்கையில்தான் போய் நின்றிருக்கிறது. மதியம் மூன்றாம் முறை சோறு வாங்கிய எங்கள் இலைகளின்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை.

இப்போது மாலையில் நால்வரும் நடக்கிறோம். இலையில் சோறு குறைந்திருக்கிறது. அளவுகள் மெல்ல இறங்குகின்றன.

படிப்பை முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவனிடம், அந்தப் பெயருக்காக வருந்துவதாகச் சொன்னோம். "பரவாயில்லங்கய்யா, பள்ளிக்கூடத்துலயே எனக்கு அந்தப் பேருதான்" என்றான். புதிதாக ஒன்றைப் படைத்ததாக அதுவரை எண்ணியிருந்தோம்.