ஆறாவது பந்து

என் தகப்பனாருக்கு மூன்று பைத்தியங்கள் இருந்தன: சுந்தர காண்டம், ராத்திரி நாடகம், கிரிக்கெட். முதலாவதைப் பைத்தியம் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். என் தாயார் மூன்றையும் ஒரே தட்டில்தான் வைத்தாள். “உங்கப்பாவுக்குப் பகவானும் பபூனும் ஒண்ணு” என்பாள்.

ராமேஸ்வரத்தில், கோயில் வீதியில், எங்களுக்கு ஒரு சிறிய சங்குக் கடை. கடையைச் சாத்திவிட்டு வந்ததும் அப்பா மாடத்திலிருந்து கம்பனை எடுப்பார். உப்புக்காற்றில் அட்டை உப்பிப்போன புத்தகம். கடல் தாவு படலத்தில் தொடங்கி, தினம் கொஞ்சமாக வாசித்து, திருவடி தொழுத படலம் முடிந்தால் மறுநாள் மறுபடியும் கடல் தாவு படலம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இலங்கை என்பது கதையில் வருகிற ஊர். எங்களுக்கோ அது எதிர்க்கரை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான். என் சிறு வயதில், அநுமன் போன வழியில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலில் போய் வந்தார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்தக் கப்பல் துறையையும் தனுஷ்கோடியையும் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலும், அதில் இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்களும் கடலோடு போனார்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் சிலர் அதில் இருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. புயலுக்கு முன்னால் அப்பா எப்போதாவது வாசிப்பவர். பின்னால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “முடிவு தெரிஞ்ச கதையைத்தான் மனசு தாங்கும்” என்றார். சீதை அசோகவனத்தில் உயிரை விடத் துணிகிற இடத்தில் அவர் கண் கலங்கும். ஆனாலும் குரல் நடுங்காது. அநுமன் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியுமல்லவா?

நாடகமும் அப்படித்தான். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் உச்சிப்புளிப் பக்கம், தேவிபட்டினம் பக்கம் என்று ஏதாவது ஒரு கோயில் கொடையில் வள்ளி திருமணம் இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த பாதை. வள்ளி முருகனைத்தான் மணப்பாள் என்பது மணலில் பாய் விரித்துத் தூங்குகிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர். மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். சில சமயம் வள்ளியும் வேலனும் மேடையில்தான் முதல் முதலாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நாரதர் தர்க்கத்தில் ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி என்ன பதில் சொல்லப்போகிறாள் என்பது ஹார்மோனியக்காரருக்கும் தெரியாது. நல்ல ஸ்திரீபார்ட் அமைந்துவிட்டால் விடிய விடியக் கல்யாணம் நடக்காது. அப்பா அப்போதெல்லாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருவார். இதில் மட்டும் அவருக்குப் பயமில்லை. எந்தச் சந்தில் புகுந்தாலும் வண்டி வீட்டுக்குத்தான் வரும்.

கிரிக்கெட்டுக்குத்தான் அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரேடியோவில் ஆட்டம் இறுகினால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். எல்லாம் முடிந்த பிறகு வந்து, “என்ன ஆச்சு?” என்பார். முடிவு தெரிந்துவிட்டால், மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிப்பார். நாங்கள் கேலி செய்தால் அவருடைய பிரம்மாஸ்திரம் வெளியே வரும்: “நான் அம்பத்திரண்டுலே சேப்பாக்கத்துலே பார்த்தவன்.”

1952 பிப்ரவரியில், சென்னையில், இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்து, இந்தியா தன் இருபத்தைந்தாவது டெஸ்டில் முதல் வெற்றியைப் பெற்றது. முதல் இன்னிங்ஸில் வினு மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட். அப்பா அப்போது கல்யாணமாகாத இளைஞர், சென்னையில் குமாஸ்தா. மன்கட் பந்தைச் சட்டையில் தேய்ப்பதையும், விக்கெட் கீப்பர் சென் ஸ்டம்பைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பதையும் அப்பா நடித்துக் காட்டுவார். எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் அந்த டெஸ்டைப் பார்த்தவர்கள் மாதிரிதான் வளர்ந்தோம்.

1986 செப்டம்பரில் நான் சென்னையில் வேலையில் இருந்தேன். 22-ஆம் தேதி திங்கட்கிழமை காலை தந்தி வந்தது: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்படவும். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வண்டி இரவில்தான். அதுவரை என்ன செய்வது என்று, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போனேன். இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பாம்பனில் சாலைப் பாலம் வந்தது 1988-இல்தான் என்றாலும், பகல் பஸ்ஸில் மண்டபம் போய்ச் சேர்ந்து அங்கிருந்து ரயிலில் பாலத்தைத் தாண்டியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

சட்டைப்பையில் தந்தி. எதிரே ஆஸ்திரேலியா. வெற்றிக்கு 348 ரன் வேண்டும். கவாஸ்கர் 90 எடுத்தார். தேநீருக்குப் பிறகு விக்கெட்டுகள் சரிந்தன. கடைசி ஓவர் தொடங்கியபோது ஒரு விக்கெட் பாக்கி, நாலு ரன் பாக்கி. பல வருஷங்களாகத் தியானத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். மனம் ஒரு புள்ளியில் நிற்பது எனக்கு எந்தப் புத்தகத்தின் முன்னாலும் சித்தித்ததில்லை. அந்த ஓவரில் சித்தித்தது. தந்தியை மறந்தேன். அப்பாவை மறந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது, 2025-இல். அன்றைக்கு 1914-ஆம் வருஷத்துப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

அப்பா கட்டிலில் கண் விழித்துத்தான் இருந்தார். அம்மா என் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. “தந்தி காலையிலேயே கிடைச்சுதாமே? பகல் பூரா எங்கே இருந்தே?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார்; கன்னமும் மூக்கும் வெயிலில் கறுத்திருந்தன.

“மாட்ச் பார்த்தியா?” என்றார்.

டிரான்ஸிஸ்டரை அம்மா எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். அவருக்கு முடிவு தெரியாது. “சொல்லிடட்டுமா, அப்பா? இல்லை, முதல்லேருந்து வரட்டுமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “முதல்லேருந்தே வா” என்றார்.

சொன்னேன். கிரெக் மாத்யூஸ் பந்துவீச்சு. முதல் பந்தில் ரவி சாஸ்திரி ரன் எடுக்கவில்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று, இரு தரப்பும் சமம். நான்காவதை மணிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாவதில் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது முறையாக ‘டை’. முதலாவது 1960-இல், பிரிஸ்பேனில்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு அம்மா உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு, “நான் அம்பத்திரண்டுலே மாட்ச் பார்க்கலேடா” என்றார்.

ஆட்டம் பிப்ரவரி 6-இல் தொடங்கியது. அப்பா இரண்டாம் நாளுக்கு டிக்கெட் வாங்கி, 7-ஆம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். 6-ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமாகிவிட்டார். 7-ஆம் தேதியை ஓய்வு நாளாக்கிவிட்டார்கள். ஆபீஸில் லீவை மாற்றித் தரவில்லை. டிக்கெட் கூட வேலை பார்த்த ஒரு நண்பருக்குப் போயிற்று. அவர் மறுநாள் வந்து நடித்துக் காட்டியதைத்தான் அப்பா முப்பத்து நாலு வருஷம் நடித்துக் காட்டியிருக்கிறார். ஜெயித்த அன்று ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் இல்லாமல் மைதானத்துக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டாராம்.

“நீ உள்ளே இருந்து பார்த்துட்டே” என்றார்.

அப்புறம் நாலு மாதம் இருந்தார். நான் லீவில் வருகிற நாட்களில் விளக்கு வைத்ததும் கம்பனை வாசிப்பேன். வாசித்து முடித்ததும், “அந்த ஓவரைச் சொல்லு” என்பார். நான்காவது பந்து ஆனதும் கையைத் தூக்குவார். “இரு.” தண்ணீர் கேட்பார், தலையணையைச் சரிசெய்யச் சொல்லுவார். மணிந்தர் சிங் பாவம், மட்டையோடு காத்துக்கொண்டிருப்பார். பிறகு, “ம், போடச் சொல்லு” என்பார்.

ஒரு நாள் கேட்டார்: “ஓவருக்கு ஆறு பந்துல்ல? அந்த ஆறாவது என்ன ஆச்சு?”

“போடலே, அப்பா. அஞ்சுலேயே முடிஞ்சுபோச்சே.”

“அப்ப பாக்கியிருக்கு” என்று சொல்லிச் சிரித்தார்.

தை மாதம் ஒரு விடியற்காலையில் போனார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அம்மா விளக்கை ஏற்றி, மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்பா விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். மூடி வைத்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அவருக்குச் சொல்லுவியே, அதையும் சொல்லு” என்றாள்.

கிரிக்கெட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கிரெக் மாத்யூஸ் பந்தைக் கையில் வாங்கினார் என்று ஆரம்பித்தேன்.